கடைசிக் கையெழுத்துக்கு முன்: இயலாமைச் சதவீதமும் காரணக் கட்டமும்

(புதுச்சேரியின் சாரம் பகுதியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த அச்சு வடிவம்)



படைவீரர் ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் அரிது. இரண்டு அரசுகளின் ஓய்வூதியம் இங்கே ஒரே தெருவுக்கு வந்து சேர்கிறது. நாம் 'சொல்தா' என்று சொல்லிப் பழகிய பிரெஞ்சு ராணுவத்தார் ஒரு வீட்டில் இருப்பார். இந்தியத் தரைப்படையிலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் அடுத்த வீட்டில் இருப்பார். ஒருவருக்கு யூரோ, மற்றவருக்கு ரூபாய். இருவருடைய முழங்காலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கலாம். அந்தத் தேய்மானத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இரண்டு அரசுகளும் தனித்தனியே சட்டம் எழுதிவைத்திருக்கின்றன. 1962 ஆகஸ்டு 16இல் ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதக் கெடு இருந்தது. ஒரு கெடுவுக்குள் எழுதிக் கொடுத்ததும் கொடுக்காததும் தலைமுறைகளின் கதியை எப்படிப் பிரித்துவிடும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைய பொருளும் அப்படிப்பட்ட ஒரு கெடுவைப் பற்றியதே. ராணுவத்திலிருந்து விடுபடப்போகும் ஒருவருக்கு மருத்துவ வாரியம் ஓர் இயலாமைச் சதவீதத்தை இடுகிறது. அதை அவர் எதிர்ப்பதா, கிடைத்தது போதும் என்று வீடு திரும்புவதா? என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நம் நாட்டு விதிகளின்படி, சதவீதத்தைப் பற்றிய சண்டை பெரும்பாலும் இரண்டாம்பட்சம். முதலில் பார்க்க வேண்டியது காரணம் எழுதப்படும் கட்டம். அது தவறாக நிரப்பப்பட்டிருந்தால், சீருடையைக் கழற்றுவதற்கு முன்பே எழுத்தில் மறுக்க வேண்டும். சதவீதத்தை எதிர்ப்பது மூன்று எல்லைகளின் அருகே மட்டுமே பயன் தரும். இதை ஆறு கூறுகளாக விரிக்கிறேன்.

1. படிவத்தில் ஒரு கட்டம்

படையில் ஒருவருடைய உடல்நிலையை மனநலம், செவிப்புலன், கைகால், பொது உடல்திறன், கண்பார்வை என ஐந்தாகப் பிரித்து மதிப்பிடுகிறார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதற்கு 'ஷேப்' என்று பெயர். ஐந்திலும் குறையில்லாதவர் ஷேப்-ஒன். அவருக்கு ஓய்வுக்கு முந்திய பரிசோதனை சடங்காக முடிந்துவிடும். ஐந்தில் ஏதேனும் ஒன்றில் குறையுள்ளவர், அதாவது லோ மெடிக்கல் கேட்டகரியில் இருப்பவர்தான் ரிலீஸ் மெடிக்கல் போர்டு எனப்படும் விடுவிப்பு மருத்துவ வாரியத்தின் முன்பு போக வேண்டும். அங்கே நிரப்பப்படும் படிவத்தின் எண் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16. அதன் முற்பகுதியில் வீரரே சொல்ல வேண்டியவை வரும்: எந்தெந்த இடங்களில் பணியாற்றினார், தொந்தரவு எப்போது எங்கே தொடங்கியது, படையில் சேருமுன் அது இருந்ததா. பிற்பகுதி வாரியத்தின் கருத்து. அங்கே ஒரு சிறு அட்டவணை. முதல் கட்டத்தில் நோயின் பெயர். அடுத்த மூன்று கட்டங்களில் ஆம், இல்லை என்று மட்டும் விடை: பணியால் விளைந்ததா, பணியால் முற்றியதா, பணியோடு தொடர்பே இல்லையா. கடைசிக் கட்டத்தில் காரணம்.

அந்தக் கடைசிக் கட்டம் சில வரிகளே கொள்ளும். உயர் ரத்த அழுத்தம் என்றால், 2023இல் விதிகள் மாறும்வரை அதில் வழக்கமாக வந்து உட்கார்ந்த வாசகம் ஏறத்தாழ இதுதான்: அமைதிநிலையத்தில் (போர்முனை அல்லாத பணியிடத்தில்) தொடங்கியது, ஃபீல்டு, உயர்மலை, கிளர்ச்சி ஒடுக்கல் பணிகளோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை, மருத்துவ அதிகாரிகள் கையேடு, 6ஆம் அத்தியாயம், 43ஆம் பத்தி. முதல் இரண்டு கேள்விகளுக்கும் 'இல்லை'. படைவீரர்கள் இதை 'என்.ஏ.என்.ஏ.' என்று நான்கெழுத்தில் சொல்வார்கள்: விளைந்ததும் இல்லை, முற்றியதும் இல்லை. அதற்குக் கீழே சதவீதம் வருகிறது: 30, வாழ்நாள் முழுவதும். அதற்கும் கீழே, ஓய்வூதியத்துக்குத் தகுதிபெறும் நிகரச் சதவீதம்: இல்லை. முப்பது என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, இருபதைத் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக வருபவர் உண்டு. மேலே இருக்கும் ஒரு வரி அந்த முப்பதைப் பூஜ்யமாக்கிவிட்டது என்பது ரெக்கார்டு ஆபீஸிலிருந்து கடிதம் வரும்போதுதான் தெரிகிறது. இரண்டு மூன்று நோய்கள் இருந்து கூட்டுச் சதவீதம் போடப்படும்போதும் இதே கதைதான். தொடர்பில்லை என்று எழுதப்பட்ட நோயின் பங்கு நிகரக் கணக்கில் சேராது. சதவீதம் காரணத்தின் நிழலாகத்தான் நிற்கிறது.

2. சதவீதத்துக்கு மூன்று வாசல்கள்

அப்படியானால் எண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும், ஆனால் எங்கே வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டு தரைப்படை ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின் 173ஆம் விதி முதல் வாசலை வைத்தது: இயலாமை பணியால் விளைந்ததாகவோ முற்றியதாகவோ இருக்க வேண்டும், 20 சதவீதத்துக்குக் குறையவும் கூடாது. 2001 ஜனவரி 31ஆம் தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதம் வேறு இரண்டு வாசல்களைத் திறந்தது. 50க்குக் கீழே எது இருந்தாலும் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், 76 முதல் 100 வரை இருந்தால் 100 என்றும் கொள்ள வேண்டும். 'பிராட் பேண்டிங்' என்று ஓய்வூதியர்கள் சொல்வது இதைத்தான். பணி முடியுமுன் மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டவருக்கு மட்டுமே இது உண்டு என்று அரசு வாதாடியது. பணிக்காலம் முடிந்து ஓய்வுபெற்றவருக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வூதியத்தோடு சேர்த்துத் தரும் இயலாமைக் கூறு என்பது நூறு சதவீதத்துக்குக் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம். கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முழு இயலாமைக்கு மாதம் 12,000. வாரியம் 22 இட்டாலும் 45 இட்டாலும் அது 50 ஆகிவிடுவதால் இரண்டுக்கும் 6,000தான். இருபத்திரண்டை முப்பத்தைந்தாக்கப் போராடுபவர் தம் நேரத்தையும் வக்கீல் செலவையும் காற்றில் விடுகிறார். ஆனால் 19க்கும் 20க்கும் நடுவே 6,000 ரூபாய் இருக்கிறது. 49க்கும் 50க்கும் நடுவே 3,000. 75க்கும் 76க்கும் நடுவே இன்னொரு 3,000. இந்த மூன்று வாசற்படிகளில் ஒன்றுக்கு அருகே நிற்பவர் மட்டுமே எண்ணுக்காக வாதாடலாம். மருத்துவக் காரணத்தால் பணியிடையில் அனுப்பப்பட்டவருக்கு இன்னொரு துணையும் உண்டு. அவருடைய இயலாமை 20க்கு மேல் இருந்தது என்றே கொள்ள வேண்டும் என்று 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வேலைக்கே உதவாது என்று அனுப்பிவிட்டு, குறை சிறியது என்றும் சொல்வது ஒன்றோடொன்று ஒட்டாது.

இரண்டு எச்சரிக்கைகள். 2023 செப்டம்பர் 21இல் இயலாமை உதவிக்கான புதிய உரிமை விதிகளும் அவற்றோடு புதிய மருத்துவக் கையேடும் வந்தன. அதற்குப் பிறகு பணிக்காலம் முடிந்து விடுபடுவோருக்கு உதவியின் பெயரே மாறிவிட்டது; மதிப்பீட்டு அளவுகளும் மாறின. அவர்கள் தம் கணக்கைப் புதிய கையேட்டை வைத்தே போட வேண்டும். பழைய தோழர் வாங்குவதை வைத்துப் போடக் கூடாது. இரண்டாவது, நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்ந்த அக்னிவீரர்கள். 2022இல் அறிவிக்கப்பட்ட அவர்களுக்கான திட்டத்தில் மாதாந்திர ஓய்வூதியம் இல்லை. பணியால் விளைந்த அல்லது முற்றிய இயலாமை 100, 75, 50 சதவீதம் என்பதற்கேற்ப ஒரே தடவையில் 44, 25, 15 லட்சம் ரூபாய். ஒரு படி இறங்கினால் பத்து லட்சமோ பத்தொன்பது லட்சமோ போய்விடும். சதவீதத்தின் எடை அவர்களுக்குத்தான் மிக அதிகம். முதல் அணியினரின் நான்கு ஆண்டு நிறைவை ஒட்டி இந்தக் கேள்வி பல வீடுகளுக்கு வரும்.

3. ஐயம் எழுந்தால் யார் பக்கம்

காரணக் கட்டத்தை எதிர்ப்பது வீண் முயற்சி, மருத்துவர் எழுதியதை யார் மாற்றுவார் என்று நினைப்போருக்குச் சட்டத்தின் வரலாறு வேறு செய்தி சொல்கிறது. பிரான்சிலிருந்து தொடங்குகிறேன். அங்கே 1831ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தம் காயமும் நோயும் பணியால் வந்தவை என்று சிப்பாய்தான் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. முதல் உலகப் போர் லட்சக்கணக்கானவர்களை முடமாக்கித் திருப்பி அனுப்பியபோது அந்தச் சுமையை அவர்கள் தலையில் வைக்க முடியவில்லை. 1919 மார்ச் 31ஆம் நாள் சட்டம் சுமையை இடம் மாற்றியது. பணியில் தோன்றியது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்றால் அரசு நிறுவட்டும். நம் கடற்கரைச் சாலையில் நிற்கும் போர் நினைவுச் சின்னம் அந்தப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. அதே போரிலிருந்து உயிரோடு மீண்டவர்களுக்காக எழுந்தது 1919ஆம் ஆண்டுச் சட்டம்.

இந்தியாவின் 1982ஆம் ஆண்டு உரிமை விதிகள் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. சேரும்போது குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், ஆள் நலமாகவே சேர்ந்தார் என்பது ஐந்தாம் விதி. உரிமையை மெய்ப்பிக்குமாறு கோருபவரைக் கேட்கக் கூடாது, நியாயமான ஐயத்தின் பயன் அவருக்கே என்பது ஒன்பதாம் விதி. சேரும்போதைய பரிசோதனையில் கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று வாரியம் கருதினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்பது பதினான்காம் விதியின் ஒரு பிரிவு. ஆயுதப் படைகளின் மருத்துவ ஒழுங்குமுறை 423ஆம் விதியோ, நோய்க்கான காரணம் போர்முனையில் நேர்ந்ததா அமைதிநிலையத்தில் நேர்ந்ததா என்பது பொருட்டல்ல, பணிச்சூழலோடு காரணத் தொடர்பு உண்டா என்பதே கேள்வி என்று சொல்கிறது. படையின் சொந்த விதியே இப்படிச் சொல்லும்போது, 'அமைதிநிலையத்தில் தொடங்கியது' என்ற வாசகம் எப்படிக் காரணமாகும்?

2013 ஜூலை 2இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் படித்தது. சிக்னல் படையில் 1985இல் சேர்ந்த சிப்பாய். வலிப்பு நோய் என்று 1994இல் அனுப்பப்பட்டவர். 20 சதவீத இயலாமை, ஆனால் பணியோடு தொடர்பில்லை என்பது வாரியத்தின் கருத்து. ஏன் தொடர்பில்லை என்று வாரியம் எழுதவில்லை. காரணம் எழுதாத கருத்தை அப்படியே ஏற்ற ஓய்வூதிய அதிகாரி, விதிகளைப் பார்க்கத் தவறிவிட்டார் என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. 2015இல் ராஜ்பீர் சிங் வழக்கு இதே நெறியை உறுதிசெய்தது. 2025இல் டெல்லி உயர் நீதிமன்றமும், நோய் அமைதிநிலையத்தில் தலைகாட்டியது என்பதை மட்டும் வைத்து ஒருவரை மறுக்க முடியாது என்றது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான இழை ஒன்று உண்டு. நீதிமன்றங்கள் மருத்துவரின் நோயறிதலைத் திருத்தவில்லை. காரணம் எழுதாத மௌனத்தையே திருத்தின. ஆகவே வீரர் எதிர்க்க வேண்டிய இடமும் அதுவே.

4. காலம் யாருக்கு வேலை செய்கிறது

சட்டம் இவ்வளவு சாதகமாக இருக்கும்போது ஏன் விடுபடுமுன் எதிர்க்க வேண்டும், பிறகு தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று கேட்கலாம். பாதை இருப்பது உண்மைதான். முதல் மேல்முறையீட்டுக் குழு, அதன் பிறகு இரண்டாம் குழு, ஒவ்வொன்றிலும் முறையிட ஆறு மாதக் கெடு. அங்கும் பலிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். புதுச்சேரிக்காரர்களுக்கு அதன் சென்னை அமர்வு. அங்கும் தோற்றால் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் அப்படியே இருக்கிறது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் இந்தப் படிகள் எல்லாவற்றிலும் வாதிடப்படுவது ஏற்கெனவே உள்ள காகிதங்களை வைத்துத்தான். தரம்வீர் சிங் வழக்கில் அவர் அனுப்பப்பட்டதற்கும் தீர்ப்புக்கும் இடையே பத்தொன்பது ஆண்டு ஓடியது. அத்தனை ஆண்டுக்குப் பிறகு யூனிட்டின் பணிப்பட்டியலை யார் எடுத்துத் தருவார்? உடன் இருந்தவர்கள் எங்கே? ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள், சான்றும் அப்படித்தான்.

விதிகளே காலத்தை வீரருக்கு எதிராகத் திருப்புகின்றன. 1982ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் வந்த 2008ஆம் ஆண்டு உரிமை விதிகள், சாதாரணமாகக் கோருபவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்று தொடங்கி, விடுபட்டு 15 ஆண்டுக்குப் பிறகு வரும் கோரிக்கையில் அந்தச் சுமை கோருபவர் மேல் விழும் என்று முடித்தன. 2008இல் தர்சேம் சிங் வழக்கில், 1983இல் அனுப்பப்பட்டு 1999இல் நீதிமன்றம் வந்தவருக்கு, ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் கதவு மூடப்படவில்லை. ஆனால் நிலுவை மனுவுக்கு முந்திய மூன்று ஆண்டுக்கு மட்டும் என்று உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. பதின்மூன்று ஆண்டுப் பணம் போனது போனதுதான். அக்னிவீரருக்கு இந்த ஆறுதலும் நிச்சயமில்லை என்பது என் கருத்து. 'தொடரும் தவறு' என்ற கோட்பாடே மாதாந்திர ஓய்வூதியத்தை நம்பி நிற்கிறது. ஒரே தடவையில் தரும் தொகை மறுக்கப்பட்டால் அது ஒருநாள் தவறாகவே எண்ணப்படக்கூடும். இன்னொன்று: 2001 பிப்ரவரி 7ஆம் தேதிக் கடிதத்தின்படி, நிரந்தரமான இயலாமைக்கு வாரியம் இட்ட சதவீதம் வாழ்நாளுக்கும் இறுதி, வீரரே கேட்டால்தான் மறு ஆய்வு.

பிரெஞ்சுச் சட்டத்தின் தாராளமும் ஒரு கால எல்லையோடுதான் வந்தது. காயம் என்றால் வீடு திரும்புமுன், நோய் என்றால் பணியில் தொண்ணூறு நாள் கழிந்த பிறகும் வீடு திரும்பிய முப்பது நாளுக்குள்ளும் பதிவாகியிருந்தால்தான் பணியால் வந்தது என்ற ஊகம் செல்லும் என்பது அங்கே நெடுங்காலம் இருந்த நெறி. அமெரிக்காவில் விடுபடுமுன்பே முறையான விசாரணை கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. ஏடுகளை மட்டும் வைத்து எடுத்த முதல் முடிவு பிடிக்காவிட்டால், வழக்கறிஞர் துணையோடு வாரியத்தின் முன் நேரில் வாதாடலாம். அங்கே 30 சதவீதம் எல்லை. இருபது ஆண்டு நிறையாதவர் அதற்குக் கீழே விழுந்தால் ஒரு தொகையோடு அனுப்பிவிடுவார்கள், எட்டினால் ஓய்வூதியம். இந்த ஏற்பாடு இருந்தும், 2001 செப்டம்பர் 11 முதல் 2009 இறுதி வரை 20 சதவீதமோ குறைவோ இட்டு அனுப்பப்பட்டவர்களின் கோப்புகளை மீண்டும் பார்க்க 2008இல் தனி வாரியம் ஒன்றை அந்நாட்டு நாடாளுமன்றம் அமைக்க நேர்ந்தது. நம் நாட்டிலோ வழக்கறிஞரோடு நின்று வாதாடும் முதல் இடமே விடுபட்ட பிறகு வரும் தீர்ப்பாயம்தான். எனவே இந்திய வீரர் தம் விசாரணையைத் தாமே காகிதத்தில் நடத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

5. கையெழுத்துக்கு முன் செய்யத்தக்கவை

காகிதத்தில் விசாரணை என்றால் என்ன? முதலில், படிவத்தின் முற்பகுதியில் வரும் சொந்த வாக்குமூலம். பலர் அதை எழுத்தர் சொல்கிறபடி ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். தொந்தரவு எந்த ஆண்டு எந்த இடத்தில் முதலில் தெரிந்தது, அதற்கு முந்திய பணியிடம் எது, அங்கே என்ன வேலை என்பதை அங்கேயே எழுத வேண்டும். ரத்த அழுத்தம் அமைதிநிலையத்தில் அளக்கப்பட்டிருக்கலாம். அங்கே வருவதற்கு முன் ஈராண்டு உயர்மலையில் இருந்திருந்தால், 'நெருங்கிய காலத் தொடர்பு' என்ற கையேட்டின் சொல்லுக்கே அது விடையாகும். இதய நோய் என்றால், நோய் தாக்குவதற்கு முந்திய 14 நாளின் பணிப்பட்டியலைக் கையேடு கேட்கிறது. அதை யூனிட் தர வேண்டும். யூனிட்டில் இருக்கும்போது கேட்டால் ஒரு நாள் வேலை. பத்தாண்டு கழித்துக் கேட்டால் கிடைப்பதே அரிது. காயம் என்றால் காய அறிக்கையும், காயம் பட்டபோது அவர் பணியில் இருந்தாரா என்பது பற்றிக் கட்டளை அதிகாரி எழுதிய கருத்தும் கோப்பில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வாரியத்தின் நடவடிக்கை நகலை வாங்கிக் கடைசிக் கட்டத்தைப் படிக்க வேண்டும். அங்கே காரணம் இருக்கிறதா, முத்திரை வாசகம் மட்டும் இருக்கிறதா? வாசகம் மட்டும் என்றால், ஒரு பக்கத்தில் மறுப்பு எழுதிக் கட்டளை அதிகாரி வழியாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்க வேண்டும். அந்த மறுப்பில் கோபம் வேண்டாம், சட்டமேற்கோள்களும் வேண்டாம். சேரும்போது நலம், இந்த ஆண்டில் இந்தப் பணியிடம், இந்த நாளில் முதல் அறிகுறி, வாரியம் இதற்கு மாறான காரணம் எதையும் எழுதவில்லை என்ற நான்கு வாக்கியம் போதும். கையெழுத்துப் போடாமல் முரண்டு பிடிப்பதைவிட, கையெழுத்துப் போட்டுவிட்டு மறுப்பைத் தனித்தாளில் கொடுப்பதே மேல். முன்னது ஒழுங்குப் பிரச்சினையாகத் தோன்றும். பின்னது சான்றாக நிற்கும். மூன்றாவது, விடுபடும் வகையைக் கவனிக்க வேண்டும். தாமே கேட்டு முன்கூட்டி விலகியவருக்கு இயலாமைக் கூறு நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்தது. 2006 ஜனவரி 1க்குப் பிறகு விலகியவர்களுக்கு 2009 செப்டம்பர் 29ஆம் தேதிக் கடிதம்தான் வழி திறந்தது. மருத்துவ வாரியத்தால் அனுப்பப்பட்டவருக்கும் பணிக்காலம் முடித்தவருக்கும் வருமான வரி விலக்கு ஒன்றா என்பதே 2019 ஜூன் மாதச் சுற்றறிக்கைக்குப் பிறகு வழக்காகிவிட்டது. விலகல் மனுவில் எழுதும் ஒரு சொல், வாரியம் எழுதும் சொல்லுக்கு இணையான விளைவுடையது.

6. மறுப்புகளும் விடைகளும்

மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதலாவது, மருத்துவ வாரியம் வல்லுநர் அமைப்பு. அதன் கருத்துக்கே முதன்மை. 2009இல் தாமோதரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. 2019இல் நரசிங் யாதவ் வழக்கில், மனச்சிதைவு போன்ற நோய் சேரும்போதைய பரிசோதனையில் தெரியாமல் இருக்கக்கூடும் என்று வாரியத்தின் கருத்தையே ஏற்றது. இந்தத் தீர்ப்புகளை மறைத்துவிட்டு வீரருக்கு நம்பிக்கை ஊட்டுவது நேர்மையாகாது. ஆனால் இவை என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கின்றன. வாரியத்தின் கருத்துக்கு இவ்வளவு எடை உண்டு என்றால், அது எழுதப்படும் நேரத்தில் எல்லா விவரமும் அதன் முன் இருக்க வேண்டும். வல்லுநரை மதிப்பது என்பது அவருக்கு முழுக் கோப்பைக் கொடுப்பது. அவர் தீர்ப்பெழுதிய பிறகு நீதிபதியிடம் ஓடுவதல்ல.

இரண்டாவது மறுப்பு, இந்த உதவி தவறாகப் பயன்படுகிறது என்பது. இயலாமைக் கூறோடு ஓய்வுபெறுவோரின் விகிதம் சிப்பாய்களைவிட அதிகாரிகளிடையே வெகுவாகக் கூடுதல் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. கவலை நியாயமானது. அலுவலக மேசையில் வந்த சர்க்கரை நோய்க்கும் பனிமலையில் போன கால்விரலுக்கும் ஒரே தட்டில் பரிமாறலாமா என்ற கேள்வி பொதுப் பணத்தைப் பற்றியது. அதைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் மருந்து என்ன? காரணம் எழுதாமல் எல்லோரையும் மறுப்பது போலிகளைத் தடுக்காது. விவரம் தெரிந்தவர், வசதி உள்ளவர் தீர்ப்பாயத்துக்குப் போய் வென்றுவிடுவார். மொழி தெரியாத சிப்பாய் வீட்டில் இருந்துவிடுவார். காரணத்தை வாரியம் தெளிவாக எழுதினால் தகுதியற்றவர் நீதிமன்றத்திலும் தோற்பார். காரணக் கட்டத்தை முழுதாக நிரப்பச் சொல்வது வீரருக்குச் செய்யும் நன்மை. கருவூலத்துக்கும் அதுவே காவல்.

மூன்றாவது மறுப்பை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் அதுவே அதிகம் பேரைத் தடுக்கிறது. நாட்டுக்காகப் போனவன் கணக்குக் கேட்டு நிற்பதா, கடைசி மாதத்தில் மேலதிகாரியிடம் மனக்கசப்பு எதற்கு என்ற கூச்சம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது ஊர் வழக்கு. படைக்கு முந்தியவர் பந்தியில் மட்டும் பிந்திக்கொண்டே இருக்கிறார். இயலாமைக் கூறு தருமம் அல்ல. அரசு உடலைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தியது. திருப்பித் தரும்போது அதில் நேர்ந்த குறையைக் கணக்கில் எழுதுகிறது. கணக்கில் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுவது ஒழுங்கீனம் ஆகாது. மேல்முறையீட்டை விதிகளே வகுத்துவைத்திருக்கின்றன.

ஆயினும் எல்லோரும் எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பணியால் விளைந்தது என்றோ முற்றியது என்றோ எழுதப்பட்டு, எண் 20க்கும் 49க்கும் நடுவே, விளிம்பில் நிற்காமல் இருந்தால், விட்டுவிடலாம். மறு ஆய்வில் கூடுவதற்கு ஒன்றும் இல்லை, குறைவதற்கு இடமுண்டு. விடுபட்ட பிறகு உடல்தகுதி கேட்கும் வேலையில் சேர எண்ணுபவர், குறையைப் பெரிதாக்கி எழுதவைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். சேரும்போதே பதிவான குறைக்கும், குடும்பத்தில் வழிவழியாக வருவதற்கு மருத்துவச் சான்றுள்ள நோய்க்கும் வாரியம் உரிய காரணத்தை எழுதியிருந்தால், அதை ஏற்பதே விவேகம். மீதியுள்ளவர், அதாவது காரணம் இல்லாமல் 'தொடர்பில்லை' என்று எழுதப்பட்டவரும், மூன்று வாசற்படிகளின் விளிம்பில் நிறுத்தப்பட்டவரும், சீருடையில் இருக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெரியோர்களே, இங்கே வந்திருப்பவர்களில் பலர் அந்தக் கட்டத்தைக் கடந்து வந்துவிட்டீர்கள். ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பையனோ இன்று எங்கோ ஒரு ராணுவ மருத்துவமனையின் பெஞ்சில் அந்தப் படிவத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அவர் தொலைபேசியில் அழைத்தால், எத்தனை சதவீதம் போட்டார்கள் என்று கேட்பதுதான் நம் வழக்கம். கடைசிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்டு என்று கேளுங்கள். என்றைக்காவது ஒருநாள் சென்னை அமர்வில் அந்தக் கோப்பு பிரிக்கப்பட்டால், முதலில் வாசிக்கப்படப்போவதும் அந்த வரிதான்.